சீட்டு தன்னைப் பற்றியே பொய் சொன்னால்: அதிர்ஷ்டச் செய்தி நிரலுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

ஃபார்ச்சூன் குக்கி என்ற மடித்த பிஸ்கட்டைத் தின்றிராதவர்களுக்கும் அதற்குள் இருக்கும் சீட்டைப் பற்றித் தெரிந்திருக்கும். "விரைவில் நல்ல செய்தி வரும்" என்கிற வகை ஒரு வரி ஜோசியம். கணினிக்காரர்களுக்கு அந்தச் சீட்டு யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு 1979-இல் வந்த ஃபார்ச்சூன் நிரலாகவே பழக்கம். கூப்பிட்டால் ஒரு கோப்பிலிருந்து ஏதோ ஒரு செய்தியை எடுத்துத் திரையில் போடும், அவ்வளவுதான். இன்று உங்களிடம் இருப்பது அதன் வாரிசாக இருக்கலாம், டெம்ப்ளேட் என்ற காலியிட வாக்கியத்தில் சொற்களைப் பொருத்தும் சின்ன ஸ்கிரிப்டாக இருக்கலாம், கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவான மொழி மாதிரியிடம் கேட்டு வாங்கும் வரிகளாகவும் இருக்கலாம். மூன்றிலும் கொஞ்ச நாளில் ஓர் ஆசை வந்துவிடும்: சீட்டு தன்னைப் பற்றியே பேசினால் என்ன?

"விரைவில் நீங்கள் ஒரு சீட்டைப் படித்து முடிப்பீர்கள்."

படிக்கும்போதே பலித்துவிடுகிற ஜோசியம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சாதாரண ஜோசியம் பொய்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள். படித்த அரை நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். தன்னைச் சுட்டும் சீட்டோ, தான் சொல்வதற்கான சாட்சியையும் படிப்பவர் கையிலேயே கொடுத்துவிடுகிறது. ஓர் எழுத்து தப்பினாலும் மாட்டிக்கொள்ளும். நான் பார்த்தவரை கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே குடும்பம்தான்: வாக்கியம் ஒரு பக்கம், அது சுட்டும் பொருள் இன்னொரு பக்கம் என்று வழியில் எங்கோ பிரிந்துவிட்டன. எங்கே பிரிந்தன என்று தேட வேண்டும்.

உங்கள் அறிகுறி எது என்று பார்த்து நேராக அங்கே போகலாம். முதல் அறிகுறி மட்டும் மற்றவற்றைவிட நீளம். என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது அதுதான்.

அறிகுறி: சீட்டு சொல்லும் எண்ணிக்கை தப்பாக இருக்கிறது

எதை எண்ணுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். சொற்களை எண்ணும் சீட்டு சாது. "இந்தச் சீட்டில் ஐந்து சொற்கள் உள்ளன" என்பதை இடைவெளிகளில் வெட்டினால் ஐந்து வரும், கதை முடிந்தது. எழுத்துகளை எண்ணும் சீட்டில்தான் வம்பு.

'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிக்கோடு அதையே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து கோட் பாயிண்டுகளாக, அதாவது தனித்தனி எண் பெற்ற ஐந்து குறிகளாக, வைத்திருக்கிறது. அந்த எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறைக் கோப்பில் ஒவ்வொரு தமிழ்க் கோட் பாயிண்டும் மூன்று பைட் பிடிக்கும். ஆக 15 பைட். பைத்தான் நிரல்மொழியிடம் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். பைட்டை மட்டுமே பார்க்கும் பழைய சி நிரல் 15 என்று சொல்லும். நீங்களாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால் 3 என்று சொல்ல ஆளில்லை.

சொல்லிக்கொடுப்பது கடினமில்லை. இடைவெளி, நிறுத்தக்குறிகளை விட்டுவிடுங்கள். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் விட்டுவிடுங்கள். மிச்சமிருப்பதை எண்ணுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. 'கொ' என்ற எழுத்தைச் சில இடங்களில் க-வும் ஒரே ஒகரக் குறியுமாகவும், சில இடங்களில் க-வுக்கு இரு பக்கமும் தனித்தனிக் குறிகளாகவும் சேமித்திருப்பார்கள். நீளம் கேட்டு எண்ணுகிறவருக்கு முதலாவது 2, இரண்டாவது 3. குறிகளை விட்டு எண்ணுகிறவருக்கு இரண்டுமே ஒன்றுதான். க்ஷ மட்டும் இந்த முறையில் இரண்டாக வரும். அதை ஓரெழுத்தாகக் கொள்வீர்களா, இரண்டாகவா என்பது உங்கள் பாடு. ஆனால் ஒரு முடிவு எடுத்து அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, எண்ணத் தெரிந்துவிட்டது. இப்போது எண்ணை எழுத வேண்டும். எழுதினால் அந்த எண்ணின் எழுத்துகளும் கணக்கில் சேரும். "இந்தச் சீட்டில் ... எழுத்துகள் உள்ளன" என்பதில் எண்ணை விட்டுவிட்டால் 18 எழுத்து. ஏதோ ஓர் எண்ணைப் போட்டு, எண்ணிப் பார்த்து, வந்த விடையை அதே இடத்தில் போட்டு, மறுபடி எண்ணு என்று எல்லோரும் ஒரு சுழல் எழுதுவார்கள். நானும் எழுதினேன். 20-இல் தொடங்கினேன். 'இருபது' நான்கெழுத்து, ஆக 22. 'இருபத்திரண்டு' எட்டெழுத்து, ஆக 26. 'இருபத்தாறு' ஆறெழுத்து, ஆக 24. 'இருபத்து நான்கு' எட்டெழுத்து, திரும்பவும் 26. அப்புறம் 24, 26, 24, 26 என்று செக்குமாடு கணக்காகச் சுற்றிக்கொண்டே இருந்தது. விடை நடுவில் உட்கார்ந்திருந்தது:

"இந்தச் சீட்டில் இருபத்தைந்து எழுத்துகள் உள்ளன."

எண்ணிப் பாருங்கள்: 4, 4, 7, 6, 4. இருபத்தைந்துதான். சுழல் அதன் இரு பக்கமும் குதித்ததே தவிர, அதன்மேல் ஒரு தடவைகூட வந்து விழவில்லை. அதனால் சுழல் சுற்றிலேயே மாட்டிக்கொண்டால் விடை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒன்று முதல் நூறு வரை எல்லா எண்ணுப்பெயர்களையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். நூறு வாக்கியம் கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை.

சில வாக்கியங்களுக்கு விடையே கிடையாது, அதுவும் உண்மை. மேலே உள்ள சீட்டையே 'எழுத்துக்கள்' என்று ஒற்று மிகுத்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு க் கூடியது, கணக்கு மொத்தமாகக் கவிழ்ந்தது: இருபத்தைந்து என்று போட்டால் 26 வருகிறது, இருபத்தாறு என்று போட்டால் 25 வருகிறது. எந்த எண்ணுமே பொருந்தாது. அப்படி ஆகிவிட்டால் எண்ணோடு மல்லுக்கட்டாமல் வாக்கியத்தில் ஒரு சின்னச் சொல்லைச் செருகுங்கள். "ஆக, இந்தச் சீட்டில் இருபத்தேழு எழுத்துக்கள் உள்ளன." பொருந்திவிட்டது. 'மொத்தம்' என்று செருகியிருந்தால் பொருந்தாது. நான்கு எண்களுக்குள் சுற்றும். 'எழுத்துகள்' சரியா 'எழுத்துக்கள்' சரியா என்று இலக்கணக்காரர்கள் சண்டை போடட்டும். நிரலுக்கு வேண்டியது கோப்பு முழுக்க ஒரே வழக்கு.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சந்தி. 'இந்த' என்பதற்குப் பின் காலியிடம் விட்டு, அதில் 'சீட்டு', 'வரி', 'பிஸ்கட்' என்று மாற்றி மாற்றி வைக்கும் டெம்ப்ளேட் உங்களிடம் இருந்தால், இந்தச் சீட்டு, இந்தப் பிஸ்கட், ஆனால் இந்த வரி. வல்லினம் வந்தால் ஓர் எழுத்து கூடும். எண்ணிக்கையைச் சந்திக்கு முன்னால் போட்டுவிட்டு, அழகுக்காகச் சந்தியைப் பின்னால் சேர்த்தீர்களென்றால் சீட்டு சரியாக ஓர் எழுத்தில் பொய் சொல்லும். எப்போதும் ஓர் எழுத்தில் தப்புகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு வாக்கியம் தன்னிடமுள்ள ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று தானே முழுப் பட்டியல் சொல்லும் விளையாட்டும் உண்டு. லீ சாலோஸ் என்பவர் 1980-களில் அப்படிப்பட்ட ஆங்கில வாக்கியத்தைத் தேடுவதற்கென்றே தனியாக ஒரு மின்னணு இயந்திரம் கட்டினார். அந்தக் கிறுக்கு உங்களைப் பிடிக்காமல் இருக்கட்டும். பிடித்தால் தமிழின் 247 எழுத்துகள் காத்திருக்கின்றன.

அறிகுறி: எண்ணிக்கைச் சீட்டை மொழி மாதிரி எழுதித் தருகிறது, ஒன்றுகூடச் சரியில்லை

இரண்டு காரணம். மாதிரி எழுத்துகளைப் பார்ப்பதில்லை. டோக்கன் என்ற துண்டுகளைப் பார்க்கிறது, அந்தத் துண்டு எத்தனை எழுத்து என்பது அதற்கு நேரடியாகத் தெரியாது. இரண்டாவது, அது இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டே போகிறது. 'இருபத்தைந்து' என்று எழுதும் நேரத்தில் மிச்ச வாக்கியம் இன்னும் பிறக்கவில்லை. பிறக்காத பிள்ளைக்கு உயரம் சொல்லச் சொன்னால் என்ன செய்யும்?

வரியை மாதிரி எழுதட்டும், எண்ணை உங்கள் நிரல் போடட்டும். மாதிரியிடம் எண் வர வேண்டிய இடத்தில் ஓர் அடையாளக்குறி மட்டும் வைக்கச் சொல்லிவிட்டு, மேலே சொன்ன நூறு எண் தேடலை ஓடவிடுங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் அந்த வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கேளுங்கள். மாதிரியைக் கொண்டே எண்ணவும் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தால், எண்ணைக் கடைசிக்குத் தள்ளும் வாக்கியமாகக் கேளுங்கள். "இந்தச் சீட்டின் சொற்கள் நான்கு." இதில் எண்ணுக்கு முன்னால் வருவதெல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது. தப்பு குறையும், ஆனால் போகாது. சரிபார்க்காமல் எதையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

அறிகுறி: குறுஞ்செய்தி மட்டும் கேட்டால் தமிழ்ச் சீட்டு வருவதே இல்லை

ஃபார்ச்சூனில் -எஸ் என்ற விருப்பம் குறுஞ்செய்திகளை மட்டும் தரும். எல்லை 160 எழுத்து என்று கையேடு சொல்லும். ஆனால் நிரல் அளப்பது கோப்பில் அந்தச் செய்தி பிடிக்கும் பைட்டை. தமிழுக்கு அந்த 160 என்பது ஐம்பத்துச் சொச்சம் கோட் பாயிண்ட், நம் கணக்கில் முப்பது எழுத்துக்குக் கொஞ்சம் மேல். நாம் மேலே பார்த்த இருபத்தைந்தெழுத்துச் சீட்டே இடைவெளிகளோடு 127 பைட். கொஞ்சம் வாய் நீண்ட சீட்டெல்லாம் 'நீளமானது' என்று ஒதுக்கப்பட்டுவிடும். -என் விருப்பத்தில் எல்லையை 450 அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

"நான் மிகச் சிறிய சீட்டு" என்று தொடங்கும் செய்தியை ஃபார்ச்சூன் நீளமான பட்டியலில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு இது தெரியவந்தது.

அறிகுறி: செய்தி பாதியிலிருந்து தொடங்குகிறது, முதலில் கட்டமோ கேள்விக்குறியோ தெரிகிறது

அட்டவணை பழசாகிவிட்டது. செய்திக் கோப்பு தனி, அதில் ஒவ்வொரு செய்தியும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணைக் கோப்பு தனி. ஸ்ட்ர்ஃபைல் என்ற துணை நிரல்தான் அட்டவணையைத் தயாரிக்கிறது. செய்திக் கோப்பில் நீங்கள் ஒரே ஒரு காற்புள்ளியைச் சேர்த்தாலும் அதற்குப் பிந்திய எல்லாச் செய்தியும் ஒரு பைட் நகர்ந்துவிடும். அட்டவணையோ பழைய இடத்தையே காட்டும். மூன்று பைட் எழுத்தின் நடுவில் போய் விழுந்தால் திரையில் அந்தக் கட்டம். திருத்தியதும் ஸ்ட்ர்ஃபைலை மறுபடி ஓட்டுங்கள், தீர்ந்தது.

ஓட்டிய பிறகும் ஒரு செய்தி மட்டும் பாதியில் தொடங்கினால், அட்டவணையை மூன்றாவது முறை தயாரிப்பதற்கு முன் கோப்பைத் திறந்து அந்தச் செய்தியைப் படியுங்கள். ஒரு மாலை முழுக்க நான் துரத்திய பிழை இது: "...என்பதால்தான் இந்தச் சீட்டின் முதல் பாதியை நம்ப வேண்டாம்." முந்தைய மாதம் நானே எழுதிச் சேர்த்த நகைச்சுவை.

அறிகுறி: ஒரு சீட்டு கேட்டால் கோப்பு முழுவதையும் கொட்டுகிறது

செய்திகளைப் பிரிப்பது தனி வரியில் நிற்கும் ஒற்றை % குறி. அந்த வரியில் % தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. குறிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தாலோ, விண்டோஸில் திருத்தியதால் வரிமுடிவில் கூடுதல் குறி சேர்ந்திருந்தாலோ ஸ்ட்ர்ஃபைல் அதைப் பிரிப்பானாகவே மதிக்காது. வரிமுடிவுகளை யூனிக்ஸ் வகைக்கு மாற்றி, வரிக்கடைசி இடைவெளிகளை நீக்குங்கள்.

இதற்கு நேர்மாறும் உண்டு. % குறியைப் பற்றியே கிண்டலடிக்கும் சீட்டில் அந்தக் குறியைத் தனி வரியில் காட்ட ஆசைப்பட்டால், சீட்டு அந்த இடத்தில் இரண்டாக உடையும். முன்னால் ஒரு புள்ளியாவது வையுங்கள்.

அறிகுறி: எந்தச் சீட்டை எடுத்தாலும் "உதவி! நான் இந்த நிரலுக்குள் மாட்டிக்கொண்டேன்"

பிஸ்கட் தொழிற்சாலைக்குள் சிறைப்பட்ட ஆள் சீட்டில் எழுதி உதவி கேட்கும் ஜோக் மிகப் பழசு. கணினி வந்ததும் தொழிற்சாலைக்குப் பதில் கணினி. மொழி மாதிரியிடம் "சீட்டு தன்னைப் பற்றிப் பேசட்டும்" என்று மட்டும் கேட்டால் முதலில் கைக்கு வருவது இதுதான், ஏனென்றால் அது படித்த பிரதிகளில் அதிகம் இருப்பதும் இதுதான். அடுத்தபடியாக "நான் வெறும் நிரல், எனக்கு உணர்ச்சி இல்லை" என்ற அழுகை. சொல் தேர்வில் எவ்வளவு தற்செயல் வேண்டும் என்று சொல்லும், மாதிரியின் வெப்பநிலை என்ற அளவை ஏற்றிப் பார்ப்பார்கள் பலர்; ஏற்றினால் அதே ஜோக் இலக்கணப் பிழையோடு வரும். வேண்டாததை வெளிப்படையாக விலக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் கொடுக்கும் உதாரணங்களில் இந்த ஜோக் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒன்று கொடுத்தால் பத்தாகத் திரும்பி வரும். என்ன சுட்ட வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள்: சீட்டின் நீளமா, அதைப் படிக்க ஆகும் நேரமா, அதைத் தேர்ந்தெடுத்த ரேண்டம் எண்ணா, அடுத்த சீட்டா? "உங்களை இந்தச் சீட்டிடம் கொண்டுவந்தது விதியல்ல, ரேண்டம் எண்" என்பது போன்ற வரிகள் அப்படிக் கேட்டால்தான் கிடைக்கும்.

பழைய ஃபார்ச்சூன் பாணி நிரலில் இதே அறிகுறிக்குக் காரணம் வேறு. 490 சாதாரணச் செய்தி ஒரு கோப்பில், தன்னைச் சுட்டுபவை 10 இன்னொரு கோப்பில் என்று வையுங்கள். இயல்பாக நிரல் கோப்பின் அளவுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கும். நூற்றுக்கு இரண்டு முறைதான் அந்தப் பத்தில் ஒன்று வரும். ஆனால் -ஈ விருப்பம் கொடுத்துவிட்டால் எல்லாக் கோப்பும் சமம், நூற்றுக்கு ஐம்பது. -எஃப் கொடுத்தால் எந்தக் கோப்புக்கு எத்தனை சதவீதம் என்று பட்டியலைக் காட்டும், செய்தி எதையும் போடாது. முதலில் அதை ஓட்டிப் பாருங்கள்.

சதவீதம் சரியாகவே இருந்தும் "இதை நேற்றே பார்த்தேனே" என்று புகார் வந்தால், அது குலுக்கலின் இயல்பு. 200 செய்திகளில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கினால், பதினேழாவது சீட்டுக்குள் ஏதோ ஒன்று திரும்ப வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சாதாரண ஜோசியம் இரண்டு முறை வந்தால் ஒன்றும் கெடாது. "இந்தச் சீட்டை நீங்கள் மறுபடி பார்க்கவே மாட்டீர்கள்" என்ற சீட்டு இரண்டு முறை வந்தால்? (உண்மையில் அது இன்னும் நல்ல ஜோக். ஆனால் தற்செயலாக வரக் கூடாது.) சீட்டுக்கட்டு போல ஒருமுறை கலைத்து, தீரும்வரை வரிசையாகக் கொடுங்கள்.

அறிகுறி: இல்லாத ஒன்றைச் சீட்டு சுட்டுகிறது

"பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்" என்கிறது. திரைக்குப் பின்பக்கம் ஏது? "இந்தச் சீட்டைத் தின்றுவிடாதீர்கள்" என்று கைப்பேசி அறிவிப்பில் வருகிறது. காகிதத்துக்கு எழுதிய செய்தியைத் திரைக்கு எடுத்ததால் வரும் தொல்லை. ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அது எங்கே செல்லுபடியாகும் என்று ஒரு குறிப்பு வையுங்கள்: காகிதம், முனையம் (கட்டளைத் திரை), கைப்பேசி, குரல். "இந்த வரி இங்கே மடங்கும்" என்ற சீட்டுக்குத் திரையின் அகலமும் வேண்டும். குரலில் படிக்கும்போது அது வெறும் உளறல்.

நுட்பமான தவறு ஒன்று இருக்கிறது: "இந்தச் செய்தி உங்களுக்கு மட்டும்." கணினியில் ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். அச்சடித்த சீட்டில் ஒருபோதும் உண்மையில்லை. அமெரிக்காவில் 2005 மார்ச் 30 அன்று நடந்த பவர்பால் லாட்டரிக் குலுக்கலில் 110 பேருக்கு இரண்டாம் பரிசு விழுந்தது. வழக்கமாக நான்கைந்து பேருக்கு விழுவது. மோசடியோ என்று அதிகாரிகள் விசாரித்ததில், வென்றவர்கள் ஒரே தொழிற்சாலையின் பிஸ்கட்டில் வந்த ஒரே எண் வரிசையைக் கட்டியிருந்தது தெரிந்தது. ஆளுக்கு ஆள் 'என் அதிர்ஷ்ட எண்' என்று நினைத்திருப்பார்கள். தனக்கு எத்தனை பிரதி என்று தெரியாத சீட்டுக்கு 'மட்டும்' என்று சொல்ல உரிமையில்லை. பிரதி எண்ணை நிரல் அறிந்திருந்தால் அதையே போட்டுவிடுங்கள்: "இந்தச் செய்தி உங்களுக்கும் இன்னும் 4,999 பேருக்கும் மட்டும்." ஜோக் கெட்டியாகும்.

அறிகுறி: நிரல் தொங்கிவிடுகிறது, அல்லது ஆழம் மீறியது என்று பிழை காட்டுகிறது

சீட்டுக்குள் சீட்டை மேற்கோள் காட்டும் விதி எழுதியிருப்பீர்கள்: "செய்தி" என்பது சில வேளை "'இன்னொரு செய்தி' என்று சொன்ன சீட்டை நம்பாதீர்கள்" ஆக விரியும். உள்ளே ஒன்று, அதற்குள் ஒன்று. விரியும் ஒவ்வொரு முறையும் சராசரியாக ஒன்றுக்கும் குறைவான புதுச் செய்தி பிறந்தால் பயமில்லை, எங்காவது நின்றுவிடும். ஒன்றுக்கு மேல் பிறந்தால் நிற்கும் என்ற உத்தரவாதம் போய்விட்டது. பைத்தான் தன் இயல்பான எல்லையான 1000 அடுக்கை ஒட்டி மறித்துப் பிழை காட்டும். வேறு சில மொழிகளில் நினைவகம் தீரும்வரை போகும். எல்லையை உயர்த்தாதீர்கள். மூன்றாவது அடுக்கிலேயே வலுக்கட்டாயமாக நிறுத்தி, "மீதி அடுத்த சீட்டில்" என்று முடித்துவிடுங்கள். மூன்று அடுக்குக்கு மேல் எந்த மனிதரும் பின்தொடர்வதில்லை.

சீட்டு தன் முழு வாசகத்தையும் தனக்குள்ளேயே காட்ட வேண்டும் என்று விரும்பினால் நேர்வழி கிடையாது: முழுதையும் உள்ளே வைக்கப் பார்த்தால் உள்ளே இருப்பதற்கும் ஓர் உள்ளே வேண்டும். தர்க்கவியலாளர் வில்லர்ட் வான் ஆர்மன் குவைன் காட்டிய குறுக்குவழி இருக்கிறது. வாசகத்தை ஒருமுறை மேற்கோளாகவும் ஒருமுறை பேச்சாகவும் பயன்படுத்துவது. தமிழில் அது அலட்டிக்கொள்ளாமல் உட்காரும்: "'தன் மேற்கோளுக்குப் பின் வந்தால் பொய்யாகும்' தன் மேற்கோளுக்குப் பின் வந்தால் பொய்யாகும்." தன்னையே அச்சிடும் நிரல்களைக் குவைன் என்று அவர் பெயரால் அழைப்பதும் இதனால்தான். சீட்டில் போட்டால் பத்துப் பேரில் ஒருவர் ரசிப்பார். அந்த ஒருவருக்காகப் போடலாம்.

உண்மை பொய் சரிபார்க்கும் பகுதி உங்கள் நிரலில் இருந்தால் "இந்தச் சீட்டு பொய்" என்பது அதைத் திணறடிக்கும். சரி, தப்பு என்ற இரண்டோடு 'சொல்ல முடியாது' என்ற மூன்றாவது விடையும் அதற்கு இருக்கட்டும்.

அறிகுறி: "நீங்கள் வெற்றி பெறுவாய்"

டெம்ப்ளேட்டில் எழுவாய் ஓரிடத்திலிருந்தும் வினைமுற்று வேறிடத்திலிருந்தும் வருகிறது. இரண்டையும் சேர்த்தே ஒரு துண்டாக வையுங்கள். நீ, நீங்கள் இரண்டையும் ஒரே கோப்பில் கலக்காதீர்கள்: 'நீ' என்று பேசும் சீட்டு சாமியாடி குறி சொல்வது போல இருக்கும், 'நீங்கள்' என்று பேசும் சீட்டு அலுவலகச் சுற்றறிக்கை போல. இரண்டுக்கும் வேறு வேறு சிரிப்பு.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் யாரும் சிரிக்கவில்லை

இதற்கு நிரலில் பிழை இருக்காது, வரிசையில் இருக்கும். சீட்டு தன்னைப் பற்றிப் பேசுவது எதிர்பாராமல் வந்தால்தான் சிரிப்பு. தொடர்ந்து ஐந்து சீட்டும் தம்மைப் பற்றியே பேசினால், தன் புராணம் பாடும் உறவினரிடம் மாட்டிக்கொண்ட கதைதான். பதினைந்து இருபது நேர்மையான ஜோசியங்களுக்கு நடுவில் ஒன்று போதும். அந்த நேர்மையான ஜோசியங்களும் உண்மையாகவே ஜோசியம் போலிருக்க வேண்டும். அவை சொதப்பலாக இருந்தால் எதை மீறினோம் என்றே தெரியாது.

இன்னொன்று, ஜோக்கை விளக்கும் வால். மாதிரிகள் இதைத் தவறாமல் செய்யும்: "விரைவில் நீங்கள் ஒரு சீட்டைப் படித்து முடிப்பீர்கள், அதாவது இதே சீட்டை!" வாலை நறுக்குங்கள். தமிழில் வினை கடைசியில் வருவது நமக்கு வாய்த்த வசதி; திருப்பத்தை அந்த வினையில் வைத்துவிட்டு அங்கேயே நிறுத்தலாம். "இன்று நீங்கள் எடுத்த மிக நல்ல முடிவைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்." அதற்குப் பின் ஆச்சரியக்குறிகூட வேண்டாம்.

அறிகுறி: சொற்பிழை திருத்தி ஓடிய பிறகு ஒரு சீட்டு மட்டும் செத்துவிட்டது

என்னிடம் இருந்த சீட்டு இது: "இந்தச் சீட்டில் மூண்று பிழைகல் உள்ளன." எழுத்துப் பிழை இரண்டுதான். மூன்றாவது எது என்று தேடுகிறவருக்கு, 'மூன்று' என்று எண்ணியதே மூன்றாவது பிழை என்று புரியும். புரிந்த கணத்தில் 'மூன்று' என்ற எண்ணும் சரியாகிவிடுகிறதே, அப்படியானால் பிழை இரண்டுதானா என்று மறுபடி தொடங்க வேண்டும். கோப்பு முழுக்க ஒருநாள் சொற்பிழை திருத்தியை ஓடவிட்டேன். அது தன் கடமையைச் செய்து, "இந்தச் சீட்டில் மூன்று பிழைகள் உள்ளன" என்று ஆக்கிவைத்தது. இப்போது அதில் இருப்பது ஒரே ஒரு பிழை, அதுவும் ரசிக்க ஒன்றுமில்லாத பிழை.

இப்படிப்பட்டவற்றைத் தனிக் கோப்பில் வைத்து, திருத்தியின் பட்டியலிலிருந்து அந்தக் கோப்பை விலக்கிவிடுங்கள். கோப்பின் பெயரிலேயே 'தொடாதே' என்று எழுதிவைத்திருக்கிறேன். அதையும் திருத்தி 'தொடாதீர்கள்' என்று மாற்றச் சொல்லிக் கேட்டது.